உச்சி வெயிலில் பேசிப் பழகியவர்கள்

குலுக்கல் சீட்டைப் பிரித்துப் பார்த்தவுடன் என் தோழி வாய்விட்டுச் சிரித்தாள். அதில் 'சாலை' என்று எழுதியிருந்தது.

கல்லூரிகளுக்கு இடையிலான சொற்போரின் இறுதிச் சுற்று அரியலூரில் நடக்கவிருந்தது. தலைப்பு: 'காற்றைப் பெரிதும் கெடுப்பது ஆலையா, சாலையா?' சிமெண்ட் ஆலைகளின் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே நாள்தோறும் பஸ் ஏறும் மக்கள் கூடியிருக்கும் அரங்கில், ஆலையன்று, சாலையே என்று நிறுவும் பொறுப்பு பெரம்பலூரிலிருந்து போகும் எங்கள் இருவர் தலையில் விழுந்திருந்தது.

"ஏன்டி சிரிக்கிற?" என்றேன்.

"அந்த ஊருக்கே போயி, அந்த ஊரு மேடையிலயே நின்னு, ஒங்க ஆலையவிட எங்க பஸ்ஸுதான் மோசம்னு சொல்லப்போறோம். திரும்பி வர அதே பஸ்ஸுல ஏத்துவாங்களா நம்மள?"

அவள் வேதியியல் மாணவி. லப்பைக்குடிக்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனாள். அத்தா என்று அவள் அழைக்கும் அவளுடைய அப்பா வளைகுடாவில் ஒரு கடையில் வேலை பார்த்தார். பேச்சு மன்றத்தில் அவள் சேர்ந்ததே என் வற்புறுத்தலால்தான். குறிப்பெடுப்பாள், சான்று தேடுவாள், மேடையேறினால் மட்டும் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, எப்போது மணி அடிப்பார்கள் என்று பார்த்திருப்பாள். நானோ மணி அடித்த பிறகும் பேசுகிறவள். நான் தோற்றதே இல்லை என்று சொல்லமாட்டேன். தோற்றவற்றை நினைவில் வைத்துக்கொண்டதில்லை என்பதே சரி. எங்கள் அணியின் அமைப்பு எளிமையானது: அவள் தேடுவாள், நான் முழங்குவேன். வாதத்தைத் தொடங்குபவளும் நான். மறுப்புரையால் முடிப்பவளும் நான்.

அந்தச் சுழற்கேடயம் எங்கள் கல்லூரிக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. நான் இறுதியாண்டில் இருந்தேன். போட்டிக்குப் பதினைந்து நாள் இருந்தது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செய்தி ஒன்றிருந்தது. அதை என் தோழியிடமும் என் அம்மாவிடமும் தவிர வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை. எனக்குக் குரல் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் பேச்சு மன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அதை யார் தொடங்கினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. இறுதிச் சுற்றுக்குப் போகிறவர்கள் உச்சி வெயிலில் பயிற்சி செய்ய வேண்டும். வெயிலில் நின்று ஒரு மணி நேரம் முழங்கியவருக்கு மேடையில் நா வறளாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதற்கென்று ஓர் இடமும் இருந்தது. நெடுஞ்சாலையைத் தாண்டி மேற்கே, மக்காச்சோளம் அறுத்துக் காலியாகக் கிடக்கும் காடுகளை ஒட்டி ஒரு வெற்று மைதானம். அதன் ஒரு கோடியில் ஒரு புங்க மரம். பேசுகிறவர் ஒரு கோடியில் நிற்பார். கேட்கிறவர் புங்க மரத்தடியில் நின்று, ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்வரை கையைத் தூக்கியபடி இருப்பார். கேட்கவில்லையென்றால் கை இறங்கிவிடும். ஊர்ப் புகையெல்லாம் ஊரோடு நின்றுவிடும், இங்கே தூய காற்றை மார் நிறைய இழுத்துப் பேசலாம் என்பது அந்த இடத்துக்குச் சொல்லப்பட்ட பெருமை. நானும் அதை ஆண்டுதோறும் புதுமுக மாணவர்களுக்கு உவமைகளோடு எடுத்துரைத்திருக்கிறேன்.

அந்த மாசி மாதத்தில், தூய காற்றை மார் நிறைய இழுத்த எனக்கு, பயிற்சி பாதி தாண்டினால் மார் இறுகியது. ஆழமாக மூச்சிழுத்தால் இருமல் வந்தது. சொற்களின் கடைசி எழுத்துகள் தேய்ந்தன. புங்க மரத்தடியில் தோழியின் கை இறங்கி இறங்கி ஏறியது. மறுநாள் காலையில் எழுந்தால் எல்லாம் சரியாக இருக்கும். மதியம் மீண்டும் அதே கதை. பனங்கற்கண்டு, மிளகு, உப்பு நீர் எல்லாம் முடிந்தன. மருத்துவர் தொண்டையைப் பார்த்துவிட்டுப் புண் எதுவும் இல்லை, பேச்சைக் குறைத்தால் போதும் என்றார். அந்த அறிவுரையைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. அம்மா மூன்று மிளகாயை எடுத்து என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார்.

"கோப்ப கோப்பயா தூக்கிட்டு வந்தா ஊரு கண்ணு சும்மா இருக்குமா? கொஞ்ச நாளு தோத்துட்டுத்தான் வாயேன்!" என்றார்.

"அம்மா, அது மருந்து இல்லம்மா."

"ஒனக்கு அதுதான் மருந்து."

இந்த நிலையில்தான் உரையை எழுதத் தொடங்கினேன். தோழி இரண்டு பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தாள். வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் ஓசோன், நாம் மூச்சுவிடும் உயரத்தில் உண்டானால் நெஞ்சையும் பயிரையும் உறுத்தும் வாயு என்றும், நகரங்களில் அது பெருகுவதற்குச் சாலைப் போக்குவரத்து முக்கியக் காரணம் என்றும் முதல் பத்தி சொன்னது. எனக்கு அது போதுமாக இருந்தது. புழுதி கண்ணுக்குத் தெரியும். அதை எதிரணி பேசிக்கொள்ளட்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நான் பேசுவேன். உடனே ஒரு வாக்கியத்தை வார்த்தேன்: 'ஓடும் ஒவ்வொரு வண்டியின் குழாயும் ஓயாமல் கக்குகிறதே ஓசோன், அதை ஒடுக்குவது யார்?' ஓகாரம் ஓகாரமாக அடுக்கியதில் எனக்கே மெய்சிலிர்த்தது. அதற்கு ஓர் எண் இருந்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று அண்ணனிடம் போனேன்.

அண்ணன் நான்கு ரோடு பக்கம் ஒரு பெட்ரோல் பங்கின் ஓரத்தில், வேனுக்குள் வண்டிப் புகைப் பரிசோதனை நிலையம் வைத்திருந்தான். எங்கள் குடும்பத்தில் வயல் கூலிக்குப் போகாத முதல் தலைமுறை நாங்கள் இருவரும். அவன் கணினியோடும் நான் மேடையோடும் பிழைப்பது எங்கள் தெருவில் சமமான பெருமையாகக் கருதப்பட்டது. நான் போனபோது அவன் ஒரு மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய்க்குள் கம்பியைச் செருகிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டிக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"ண்ணே, ஒரு பைக்குல ஓசோன் எவ்வளவு வரும்?"

"எதுல?"

"பைக்குல. கொழாயில."

அண்ணன் திரையை என் பக்கம் திருப்பினான். "எங்க இருக்குன்னு நீயே பாரு பாப்பா. கார்பன் மோனாக்சைடு இருக்கு. ஹைட்ரோகார்பன் இருக்கு. ஓசோன்னு ஒரு கட்டமே இதுல கெடயாது."

"மெஷின் பழசா இருக்கும்."

"மெஷின் பழசில்ல. ஒன் பேச்சுதான் புதுசா இருக்கு."

வண்டிக்காரர் சிரித்தார். "தம்பி, அந்தக் கட்டம் இல்லாம போனதே நல்லது. இருக்குற ரெண்டுக்கே என் வண்டி திணறுது," என்றார்.

அங்கிருந்தே தோழியை அழைத்தேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் எழுதிக் குடுத்தத முழுசா படிச்சியா?"

"மொத பத்தி படிச்சேன்."

"யா அல்லாஹ்! ரெண்டாவது பத்தியிலதான்டி விஷயமே இருக்கு!"

இரண்டாவது பத்தியை அந்தப் பெட்ரோல் பங்கின் நிழலில் நின்று படித்தேன். எந்தக் குழாயும் ஓசோனைக் கக்குவதில்லை. குழாயிலிருந்து வருவன நைட்ரஜன் ஆக்சைடுகளும் எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவியும். அவை காற்றில் கலந்து கிடக்கும்போது வெயில் அவற்றைக் கொண்டு ஓசோனைச் சமைக்கிறது. மளிகை வண்டியுடையது, அடுப்பு சூரியனுடையது. அதனால்தான் வெயில் ஏற ஏற அது பெருகி, பிற்பகலில் உச்சத்தைத் தொட்டு, மாலையில் அடங்குகிறது. மெய்சிலிர்க்க வைத்த என் வாக்கியத்தை அடித்தேன். வருத்தம்தான். ஆனால் அடித்த இடத்தில் அடுப்பும் மளிகையும் வந்து உட்கார்ந்ததும், பழைய வாக்கியத்தைவிட இது சுவையாக இருக்கிறதே என்று மகிழ்ந்தேன். உண்மை தன் பக்கம் வந்தால் பேச்சாளருக்கு உண்டாகும் மகிழ்ச்சி தனி. நம்மால்தான் வந்தது என்று நினைத்துக்கொள்வோம்.

எதிரணி சான்று கேட்கும் என்று தோழி எச்சரித்தாள். சான்றுக்கு அவளே ஒரு வழி சொன்னாள். மக்காச்சோள மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, அதில் ஆய்வகத்திலிருக்கும் பொட்டாசியம் அயோடைடைக் கலந்து, வடிதாளில் தடவி உலர்த்தி, பிறகு சற்று நனைத்துக் காற்றில் தொங்கவிட்டால், ஓசோன் பட்ட இடத்தில் தாள் ஊதாவாக மாறும். எவ்வளவு கருத்த ஊதாவோ அவ்வளவு ஓசோன். ஆசிரியரிடம் அனுமதி வாங்கி ஒரு பிற்பகல் முழுவதும் கஞ்சி காய்ச்சினோம். முதல் கஞ்சி கட்டி தட்டிப்போனது. ஆய்வக உதவியாளர் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு என்ன, கேன்டீன் லீவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு தாளைப் பாலக்கரையில், பஸ்களும் ஆட்டோக்களும் லாரிகளும் முட்டிக்கொள்ளும் இடத்தில், ஒரு டீக்கடையின் கூரை நிழலில் தொங்கவிடுவது. இன்னொன்று ஒப்பிட்டுப் பார்க்கத் தூய காற்று உள்ள இடத்தில். அந்த இடத்தை நான்தான் பெருமையோடு முன்மொழிந்தேன்: எங்கள் மைதானத்துப் புங்க மரம்.

நூலில் கட்டிய ஈரத்தாளைக் கூரை ஓரத்தில் முடிந்தபோது, டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வெளியே வந்தார்.

"என்னம்மா இது, எதித்த கடக்காரன் குடுத்தனுப்புனானா?"

"இல்லீங்க, காத்த அளக்குறோம்."

"காத்த அளந்து?"

"எவ்வளவு கெட்டிருக்குன்னு சொல்லுவோம்."

"அதுக்கு எதுக்கும்மா தாளு? என் வெள்ளச் சட்டயப் பாரு." சட்டைக் காலரைத் திருப்பிக் காட்டினார். பிறகு தாளை ஒருமுறை சந்தேகத்தோடு பார்த்து, "செய்வினையா இருந்தா சொல்லிடுங்க, நானும் எலுமிச்ச வாங்கணும்," என்றார்.

மாலை நான்கு மணிக்கு இரண்டு தாள்களையும் அவிழ்த்து, ஆய்வக மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பாலக்கரைத் தாளில் பூச்சு போட்டதுபோல இலேசான ஊதா. புங்க மரத்துத் தாள் கத்தரிக்காய்த் தோலைப்போல் இருந்தது.

"மாத்தி வச்சிட்ட," என்றேன்.

"பின்னால பேரு எழுதியிருக்கேன், பாரு."

திருப்பிப் பார்த்தேன். மாறவில்லை. சாலையே குற்றவாளி என்று நிறுவப் புறப்பட்டவள், சாலை நடுவே காற்று நன்றாயிருக்கிறது, காட்டோரம் கெட்டிருக்கிறது என்ற சான்றோடு நின்றேன். எதிரணிக்காகவே பாடுபட்டு உழைத்தது போலிருந்தது. மறுநாளும் தொங்கவிட்டோம், அதே முடிவு. மூன்றாம் நாள் வானம் மூடியிருந்தது. இரண்டு தாள்களும் கிட்டத்தட்ட வெள்ளையாகவே திரும்பின. நான்காம் நாள் வெயில் வந்தது. புங்க மரத்தில் கத்தரிக்காயும் வந்தது.

தோழி அந்த இரவை நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தோடு கழித்துவிட்டு, காலை பஸ்ஸில் வந்து இறங்கும்போதே கையை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"கெடச்சிருச்சுடி! வண்டி நெருக்கமா ஓடுற எடத்துல, குழாயிலேருந்து அப்பத்தான் வர்ற புகையே ஓசோன கொஞ்சம் தின்னுடும். அதே காத்து ஊரத் தாண்டி நகர நகர, தின்ன புகை தீந்துரும், வெயிலு மட்டும் சமச்சுக்கிட்டே இருக்கும். அதனால ரோட்ட விட காத்து போயிச் சேர்ற எடத்துலதான் அதிகம். இப்ப காத்து எந்தப் பக்கத்துலேருந்து வீசுது?"

"கெழக்கேயிருந்து."

"கெழக்க என்ன இருக்கு?"

"ஊரு. ஹைவே."

"மேற்க?"

மேற்கே எங்கள் மைதானம் இருந்தது.

"இப்பச் சொல்லு. நீ தெனமும் மதியானம், மார் நெறய மூச்ச இழுத்து, எங்க நின்னு கத்துற?"

அவள் கேட்ட தொனியில் வெற்றி இல்லை, சிரிப்புதான் இருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது; சிரித்ததில் இருமல் வந்தது. ஆண்டுக்கணக்காக எங்கள் பேச்சு மன்றம் ஒரு நாளின் மிகக் கெட்ட நேரத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த நேரத்தில் காற்று மிகக் கெட்டிருக்கும் இடத்தையும் தேடிப் பிடித்து, அங்கே தன் சிறந்த பேச்சாளர்களை நிறுத்தி மூச்சிழுக்கச் சொல்லியிருந்தது. அதற்கு உவமைகள் சேர்த்தவள் நான்.

மறுநாளிலிருந்து பயிற்சி காலை ஆறு மணிக்கு மாறியது. எங்கள் ஊரான வேப்பந்தட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் நானும், தன் ஊர் முதல் பஸ்ஸில் தோழியும் வந்தோம். அதே மைதானம், அதே முழக்கம். மைதானம் தெரியும் விடுதியிலிருந்து முதலாண்டு மாணவிகள் போர்வையோடு எட்டிப் பார்த்து, "அக்கா, சேவலுக்குப் போட்டியா?" என்று கத்தினார்கள். மூன்றாம் நாள் இருமல் குறைந்தது. ஐந்தாம் நாள் தோழியின் கை இறங்கவே இல்லை. அவள்தான் தோள் வலிக்கிறது என்று இறக்கிக்கொண்டாள். ஓசோன்தான் என் குரலை வாங்கியது என்பதற்கு என்னிடம் நிரூபணம் இல்லை. குரல் திரும்பி வந்தது என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். அந்தக் காலைகளில் என் சொற்கள் பனிக்குள்ளே போய்த் திரும்பி வந்து என் காதிலேயே விழுந்தபோது உண்டான களிப்பை இன்றும் சொல்லி முடியாது.

போட்டி நாள். பகல் இரண்டரைக்குத் தொடக்கம்; நாங்கள் ஒரு மணிக்கே அரியலூரில் இறங்கிவிட்டோம். கல்லூரி வளாகத்துக்குள் நுழையும்போதே மைதானத்திலிருந்து ஒரு குரல் வந்தது. எதிரணித் தலைவர், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், நடு வெயிலில் நின்று முழங்கிக்கொண்டிருந்தார். உச்சி வெயில் வழக்கம் எங்களுக்கு மட்டும் உரியதில்லை போலும். நல்ல குரல்; தவில்போல் அதிர்ந்தது.

"வா, கேன்டீன் நெழல்ல உக்காருவோம். லெமன் சாதம் கொண்டாந்திருக்கேன்," என்றாள் தோழி.

"நீ போ. நான் அஞ்சு நிமிஷத்துல வரேன்."

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். "மத்தவங்க தெரியாம பண்றாங்க. நீ எல்லாம் தெரிஞ்சே பண்ணப்போற," என்றாள்.

"அஞ்சே நிமிஷம்."

அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒருவர் முழங்கிக்கொண்டிருக்கும்போது நான் நிழலில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் தின்பதா? மைதானத்தின் எதிர்க்கோடிக்குப் போய் நின்று, நானும் தொடங்கினேன். அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பெரம்பலூருக்குக் கேக்குதுங்களா?" என்று அங்கிருந்து கத்தினார்.

"கேக்குதுங்க! புரியத்தான் மாட்டேங்குது!"

அவ்வளவுதான். அவர் ஒரு பத்தி. நான் ஒரு பத்தி. அவர் குரலை உயர்த்தினால் நானும் உயர்த்தினேன். அவருடைய கல்லூரி மாணவர்கள் மரத்தடியில் கூடிக் கைதட்டினார்கள். ஐந்து நிமிடம் என்பது ஒரு மணி நேரமாகியது. எனக்கு மார் இறுகுவது தெரிந்தது. அவரும் ஒன்றிரண்டு முறை தொண்டையைச் செருமுவதைப் பார்த்தேன். இருவரில் யாரும் முதலில் நிறுத்தத் தயாராக இல்லை. கடைசியில் அறிவிப்பாளர் வந்து இருவரையும் அரங்குக்குள் அழைத்துப் போனார்.

அரங்கு நிறைந்திருந்தது. முதல் ஏழு நிமிடம் என்னுடையது. மளிகையையும் அடுப்பையும் வைத்துத் தொடங்கினேன். பாலக்கரைக் கதைக்குச் சிரித்தார்கள், கத்தரிக்காய்த் தாளைத் தூக்கிக் காட்டியபோது முன்வரிசை எம்பிப் பார்த்தது. ஆறாவது நிமிடத்தில் குரல் கரகரத்தது. உணர்ச்சிவசப்படுகிறேன் என்று எண்ணிப் பலர் கைதட்டினார்கள். அதைப் பயன்படுத்திக்கொண்டு முடித்துவிட்டு அமர்ந்தேன். தோழி தண்ணீர்க் குவளையை நகர்த்தினாள்.

எதிரணியின் மறுப்புரைக்கு அந்தத் தலைவர் எழுந்தார். தவில் எங்கோ போயிருந்தது. கீச்சென்று ஒரு குரல் வந்தது, அரங்கு சிரித்தது. ஆனால் அவர் கேட்ட கேள்வி கீச்சானதில்லை. "தாள் நிறம் மாறியதை ஒத்துக்கொள்கிறேன். மாற்றியது ஓசோன்தான் என்று எப்படித் தெரியும்? ஓசோனாகவே இருக்கட்டும், அது சாலையிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று அந்தத் தாளில் எழுதியிருக்கிறதா?" கேட்டு முடித்ததும் இருமினார். கைதட்டல் கூரையைத் தொட்டது.

என் முறை. நான் எழுந்தேன். 'நடுவர் அவர்களே' என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இன்னொருமுறை முயன்றேன். உதடு அசைந்தது, அவ்வளவே. நடுவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கேடயம் மேசையில் இருந்தது. மூன்று நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்கியிருந்தது. நான் ஒலிவாங்கியைத் தோழியிடம் நீட்டினேன். அவள் முந்தானை நுனியை விரலிலிருந்து அவிழ்த்தாள். நடுவர் தலையசைத்து அனுமதித்தார்.

"எதிரணித் தலைவர் கேட்ட கேள்விக்கு விடை," என்று அவள் தொடங்கினாள். "தெரியாதுங்க."

என் மூன்றாண்டு மேடை வாழ்க்கையில் நான் ஒருமுறையும் உச்சரிக்காத சொல் அது.

"அந்தத் தாளு ஓசோனுக்கும் மாறும், அது மாதிரி வேற சில வாயுவுக்கும் மாறும். எங்கேருந்து வந்துச்சுன்னு அதுல எழுதியிருக்காது. ஆலைக்குப் பங்கே இல்லன்னும் நாங்க சொல்லல. ஆனா ஒண்ணுங்க. ஆலைய எல்லாருக்கும் தெரியும், நின்ன எடத்துலேருந்தே கைய நீட்டிக் காட்டலாம். ரோட்டக் காட்ட முடியாது. ஏன்னா அது கெடுக்குறது அது இருக்குற எடத்துல இல்ல. பாலக்கரையில கெளம்புற புகை, வெயில்ல வெந்து, சோளக் காட்டுல போயி எறங்குது. அங்க ஒரு வண்டிகூட ஓடாது. அங்க இருக்குறவங்க யாரப் பாத்து கைய நீட்டுவாங்க?"

அவள் முதல்முறையாகக் கூட்டத்தை நேராகப் பார்த்தாள்.

"எங்ககிட்ட சான்று கம்மி. சாட்சி ரெண்டு பேரு இருக்காங்க. ஒருத்தங்க எங்க அணி, ஒருத்தர் எதிரணி. ரெண்டு பேரும் இன்னிக்கு மதியானம் ஒரு மணி நேரம் ஒங்க மைதானத்துல நின்னு கத்துனாங்க. நான் கேன்டீன்ல லெமன் சாதம் சாப்ட்டேன். இப்ப யாருக்குக் குரல் இருக்குன்னு நீங்களே கேட்டுக்குங்க."

சிரிப்பு அலையாக எழுந்தது. எதிரணித் தலைவர் பாதி எழுந்து, "கத்துனா தொண்ட கட்டத்தான் செய்யும்!" என்று கீச்சிட்டார். அதற்கும் சிரித்தார்கள்.

"ஆமாங்க, நியாயம்தான். ஆனா இவங்க ஒரு வாரமா காலையில ஆறு மணிக்கு இதே கத்து கத்துறாங்க, ஒண்ணும் ஆகல. இத நிரூபணம்னு சொல்லல. சந்தேகம்னு சொல்றேன். அந்தச் சந்தேகத்தோட நீங்க வூட்டுக்குப் போனாலே போதும்."

மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். மிச்சமிருந்த நேரத்தைக் கண்டு என் நெஞ்சு துடித்தது. நானாயிருந்தால் அதில் மூன்று உவமை சொல்லியிருப்பேன்.

"ஆலையை நான் விடுதலை செய்யவில்லை, சாலையைக் கைது செய்கிறேன்," என்றார் நடுவர். கேடயம் எங்களுக்கு. சிறந்த பேச்சாளருக்கான பதக்கத்துக்கு அறிவிப்பாளர் உறையைப் பிரித்தபோது, பழக்கத்தால் நான் நாற்காலியிலிருந்து கொஞ்சம் எழுந்துவிட்டேன். என் தோழியின் பெயரை வாசித்தார்கள். பாதி எழுந்தவள் உட்கார்வது அழகில்லை. முழுவதும் எழுந்து கைதட்டினேன். முதல் சில தட்டுகளில் கொஞ்சம் வலி இருந்தது. அவள் பதக்கத்தை வாங்கிக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் திரைச்சீலைக்குள் போய் மாட்டிக்கொண்டபோது வலி போய்விட்டது. என் குரல் இருந்திருந்தால் அந்த அரங்கில் அன்று நான்தான் அதிகமாகக் கூவியிருப்பேன்.

வாசலில் எதிரணித் தலைவர் என்னிடம் வந்தார். குனிந்து, "காலையில எத்தன மணிக்குப் பயிற்சி பண்றீங்க?" என்று கிசுகிசுத்தார். நான் ஆறு விரலைக் காட்டினேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

பெரம்பலூர் பஸ்ஸில் சன்னலோரம் கிடைத்தது. பாதி வழியில் தோழியின் அத்தா வளைகுடாவிலிருந்து வீடியோவில் அழைத்தார். அவள் முகம் சிவந்துபோய், "என்னால என் வாயாலயே சொல்ல முடியாதுடி. நீ சொல்லு," என்று, என் குரல் போனதையே மறந்து போனை என்னிடம் திணித்தாள். நான் திரையைப் பார்த்து வாயை அசைத்தேன்.

"கேக்கல, கேக்கல, சிக்னலு இல்ல போலருக்கு," என்றார் அவர்.

டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்த கண்டக்டர் என் மடியிலிருந்த கேடயத்தையும் என் வாயசைவையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன செய்தி என்று தோழியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "குடும்மா இங்க," என்று போனை வாங்கினார். எங்கள் மைதானத்தில் நின்றால் புங்க மரத்துக்கு அப்பால் மூன்று காடு தாண்டிக் கேட்கும் குரல் அவருக்கு.

"பாய், அஸ்ஸலாமு அலைக்கும்! நான் பஸ் கண்டக்டர் பேசுறேன்!"

திரையில் அவர் பதறிப்போனார். "வ அலைக்கும் சலாம். என்னாச்சுங்க? புள்ள டிக்கெட் எடுக்கலிங்களா?"

பஸ்ஸே சிரித்தது.

"டிக்கெட்டெல்லாம் எடுத்தாச்சு பாய்! கேடயம் எடுத்திருக்கு ஒங்க பொண்ணு! பேச்சுல மொத ஆளாம்! பதக்கம் வேற!"

"எம் பொண்ணா? பேச்சுலயா? அது வூட்டுல வாயே தொறக்காதுங்களே."

"இங்க தொறந்திருக்கு!"

அவர் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார். பிறகு மெல்லிய குரலில், "அப்ப ஒருவாட்டி பேசச் சொல்லுங்க. நானும் கேக்குறேன்," என்றார்.

கண்டக்டர் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவள் முழங்கையை இடித்தேன். அவள் என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பின்னிருக்கைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஓட்டுநர் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்.